சிவப்பு வட்டம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கோப்பையில் தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன்.

"வட்டமா? எந்த வட்டம்?" என்று கேட்டார் ஸ்கேன் படம் பார்க்கும் டொக்டர் மர்சூக்.

இராமையாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. றக்வானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர்.

போன வருஷம், கொழுந்து பறிக்கும் மகள் சுஜீதாவுக்கு ஓயாத தலைவலி. இடக்கைப் பக்கத்துச் செடிகளில் கொழுந்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறாள் என்று வேலையை மேற்பார்க்கும் கங்காணி தினமும் ஏசினார். அப்போது எடுத்த படத்தைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தவர் இதே மர்சூக்தான்.

இப்போது அவள் எழுந்து நடப்பதில்லை. "ஆரம்பத்துக் கட்டி மூளையின் நிறத்திலேயே இருக்கும், நல்ல கண்ணுக்கும் தப்பும்" என்ற கொழும்பு டொக்டர், அந்தப் பழைய படத்திலேயே பயறளவு புள்ளியைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் வட்டம் போட்டார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

"நீங்க எழுதுன கடதாசிய நம்பி, வேலைக்குக் கள்ளம் பண்றியான்னு அவள அடிச்சுப்புட்டேங்க. என் கண்ணுக்குத் தப்பிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவகிட்டப் போய்ச் சொல்லணும்."

மர்சூக் படத்தை மறுபடி வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், ஒண்டும் இல்லயே."

"வாய் கூசலையா ஐயா?" மேசையில் தட்டிவிட்டு மறுபடி கையை ஓங்கினார் இராமையா.

சத்தம் கேட்டு ஓடிவந்த தாதி ஸும்றா, பேச்சை மாற்றுவதற்காகச் சாப்பாட்டுத் தட்டை எடுத்தாள். "இண்டைக்கும் மீனத் தொடல்லயா, டொக்டர்? சாப்பாடு கட்டித் தந்த உங்கட வீட்டு மெடம் எனக்குத்தான் ஏசுவாங்க."

"மீனா? மீன் எங்க வந்திச்சி?"

இராமையா தட்டைப் பார்த்தார். வலது பாதி கழுவி வைத்ததுபோல் இருந்தது. இடது பாதியில் சோறும் பொரித்த மீனும் கை படாமல் கிடந்தன.

படத்தைப் பார்த்தார். இடது ஓரத்தில், குங்குமப் பொட்டுப் போல, அந்த வட்டம்.

ஓங்கிய கை தானாக இறங்கியது.

"ஐயா... எங்க புள்ளைக்கும் இப்படி இடக்கைப் பக்கம் கண்ணுல படாமத்தாங்க ஆரம்பிச்சிச்சு. நீங்களும் ஒரு படம் எடுத்துப் பாருங்க."

உங்கள் வீட்டார் எல்லாரும் தட்டின் இரண்டு பக்கமும் உண்டு எழும்பட்டும், கண்ணுகளா.