மாதம் இருபதாயிரம்

கையில் கோப்போடு ஒரு பெரியவர் படலையைத் திறந்ததும் ஷாருஜன் மேசையை விட்டு எழுந்தான். காலையில்தான் அவன் வேலை எடுக்கும் இணையத் தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதனூடாக அவன் பெற்ற பணத்தின் விபரம் முழுவதும் இந்த வருடம் முதல் வரித் திணைக்களத்துக்குப் போகுமாம்.

"இன்ரநெற்றில வேலை செய்யிற ஷாருஜன் நீர்தானே, தம்பி? உம்மடை உழைப்பைப் பற்றிக் கொஞ்சம் கேக்கவேணும்."

சுருவில் கிராமத்துக்கு பஸ்கூட நேரத்துக்கு வருவதில்லை. வரிக்காரர் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டார்!

வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு விளம்பரம் வடிவமைத்து மாதம் மூன்றரை இலட்சம் எடுக்கிறவன் அவன். இரண்டு வருடமாக ஒரு சதம்கூட வரிக்குக் காட்டவில்லை. தண்டத்தோடு கட்டச் சொன்னால் கல்யாணத்துக்கென்று சேர்த்தது அத்தனையும் போய்விடும்.

அவன் பெண் கேட்டிருந்த நிலக்சனாவின் வீட்டில் இன்னும் ஓம் சொல்லவில்லை. கையில் காசில்லாதவனுக்கு எப்படிச் சொல்வார்கள்? அம்மா அதற்காகத்தான் கோயிலுக்கு மெழுகுதிரி கொளுத்தப் போயிருந்தாள்.

கதிரையை இழுத்துப் போட்டான்.

"மாதம் எவ்வளவு வரும்?"

"இருபதாயிரம் வந்தால் பெரிசு, ஐயா. போன மாதம் அதுவும் இல்லை."

பெரியவர் மேசையிலிருந்த புதுக் கொம்பியூற்றரைப் பார்த்தார்.

"கூட்டாளியின்ரை" என்றான். அவர் கண் முற்றத்து மோட்டச்சைக்கிளுக்குப் போகவே, "அது இரவல்" என்று முந்திக்கொண்டான்.

"அக்கா கனடாவில எண்டு கேள்விப்பட்டனான்?"

"ஓம், ஐயா. ஆனா ஒண்டும் அனுப்புறேல்லை." போன கிழமைதான் அவள் காசு அனுப்பியிருந்தாள், பாவம்.

"கிணறு நல்ல தண்ணியோ?"

இதற்கும் வரி இருக்குமோ? அயல் முழுவதும் குடத்தோடு வந்து அள்ளுகிற கிணறு அது.

"உவர், ஐயா. வாயில வைக்க ஏலாது."

பெரியவர் கதிரையை முன்னுக்கு இழுத்தார். "உண்மையைத்தான் சொல்லுறீரோ, தம்பி? இதை வைச்சுத்தான் நான் ஒரு முடிவு சொல்லவேணும்."

இனிப் பின்வாங்க வழியில்லை. மாற்றிச் சொன்னால் பொய்க்கும் சேர்த்துத் தண்டம் போடுவார்கள்.

"மாதா சத்தியமா, ஐயா." அலுமாரிக்கு மேலிருந்த மாதாவின் சுரூபத்தைப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

பெரியவர் பெருமூச்சு விட்டார். திறக்கவே திறக்காத கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். தப்பிவிட்டோம் என்று ஷாருஜனுக்கு உயிர் வந்தது.

படலை வரை கூடவே போய் வழியனுப்பினான்.

"கையெழுத்து ஏதும் வைக்க வரிக் கந்தோருக்கு வரவேணுமோ, ஐயா?"

அவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கந்தோர், தம்பி? நான் நிலக்சனாவின்ரை தாய்மாமன்."