சரவணகுமாருக்கு ஒரு பார்சல்

"ஊரான் பார்சல்தான் முக்கியம், பெத்த மக வாய்க்கு ருசியாத் திங்கிறது முக்கியமில்ல. அப்படித்தானே?" என்று கேட்டாள் அஸ்மத் பீவி.

அவள் கணவர் செய்கு முகம்மது காதில் வாங்கவே இல்லை. மகள் நஜீஹாவின் பெட்டியிலிருந்து மாசிக் கருவாட்டுப் பொட்டலத்தையும் இடியப்ப மாவையும் எடுத்து வெளியே வைத்தார். அந்த இடத்தில் பக்கத்து ஃப்ளாட் வடிவு கொடுத்த பார்சலை வைத்து முழங்காலால் அமுக்கினார். சுற்றிச் சுற்றி டேப் ஒட்டிய பார்சல். மேலே 'சரவணகுமார், பொகோட்டா' என்று பெரிதாக எழுதியிருந்தது.

ஷார்ஜாவில் அவர்கள் குடியிருந்த ரோலா பகுதியில் யார் ஃப்ளைட் ஏறினாலும் நாலு பேர் பார்சலோடு வந்துவிடுவார்கள். முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் அதெல்லாம் திருச்சிக்கும் மதுரைக்கும் போகிறவர்களுக்கு. நஜீஹா போவதோ எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடண்டாக ஒரு செமஸ்டர் படிக்க, கொலம்பியாவின் தலைநகருக்கு. அங்கேயும் வடிவுக்கு ஒரு சின்னம்மா மகன் இருக்கிறானாம், ஏதோ ஹோட்டலில் வேலையாம், வீடு தேடி வந்து வாங்கிக்கொள்வானாம்.

உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் எப்படிக் கொண்டுபோவது என்று நஜீஹா கேட்டாள். பேக் பண்ணும்போது நானே கூட இருந்தேன் என்று வாப்பா வாயை அடைத்துவிட்டார்.

அவளுக்கு ஏற்கெனவே அவர் மேல் கோபம். பொகோட்டா மலைமேல் இருக்கிற ஊர், வருஷம் பூராவும் கொடைக்கானல் மாதிரி குளிரும், ஒரு ஸ்வெட்டர் வாங்கித் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். அவர் மேப்பை விரித்து, பூமத்திய ரேகை அந்த ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறது, ஷார்ஜாவை விடக் கொதிக்கும் என்றார். ஃபோனில் குளிர் அளவைக் காட்டினாள். அது ஏசி ரூமுக்குள் வைத்து எடுத்த கணக்கு என்றார்.

"முப்பது வருஷமா கல்ஃப்ல கெடக்குறேன். எனக்கே வெயிலைப் பத்திப் பாடம் எடுக்கிறியா?"

அதற்கு மேல் பேசினால் பயணமே நின்றுபோகும். அவர் சம்மதித்ததே ஒரு நிபந்தனையின் பேரில்தான். அந்த ஊர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் அடுத்த ஃப்ளைட்டில் திரும்பிவிட வேண்டும்.

பொகோட்டாவில் இறங்கியதுமே நஜீஹாவின் பற்கள் தந்தியடித்தன.

அவள் தங்கிய வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி. சூடான சாக்லேட் பானத்தில் சீஸ் துண்டைப் போட்டு நீட்டினாள். குழப்பமாக இருந்தாலும் நஜீஹா குடித்தாள். தன் கம்பளிப் போர்வையையும் அந்தம்மாவே கொண்டுவந்து போர்த்திவிட்டாள். ஆனால் ஷார்ஜாவில் பொழுது விடிந்ததும் வாப்பாவின் வீடியோ கால் வந்துவிடும். போர்வை கண்ணில் பட்டால் ரிட்டன் டிக்கெட் போட்டுவிடுவார். அதனால் போர்வையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, மெல்லிய காட்டன் சுடிதாரில் உட்கார்ந்து நோட்டால் விசிறிக்கொள்வாள்.

"செம வெக்கை வாப்பா," என்பாள். குரல் நடுங்கும். நெட்வொர்க் சரியில்லை என்று சமாளிப்பாள்.

நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவரும் சொல்வார். ஆனால் ஜெயித்தவர் குரல் மாதிரி இருக்காது. உடனே, சரவணகுமார் வந்து பார்சலை வாங்கிவிட்டானா என்று கேட்பார்.

எந்தச் சரவணகுமாரும் வரவில்லை. நஜீஹாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாசிச் சம்பல் இல்லாமல் நாக்கு செத்துக் கிடக்கிறாள், அந்த ஆள் வந்து எடுத்துக்கொண்டாவது போகக் கூடாதா? ஷார்ஜாவில் உம்மா வடிவோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். வடிவு பாவம், எதிர்ப்பேச்சு பேசவில்லை.

ஒருநாள் வாப்பாவே, ஆள்தான் வரவில்லையே, பிரித்துப் பார்த்துவிடேன் என்றார்.

நஜீஹா திகைத்துப்போனாள். "எப்படி வாப்பா? அது அமானிதம். ஒருத்தர் நம்பிக் கொடுத்த பொருளைப் பிரிச்சுப் பாக்கவே கூடாதுன்னு நீங்கதானே சொல்லித் தந்தீங்க?"

 மகளை நன்றாக வளர்த்துவிட்டோமே என்று செய்கு முகம்மது அன்றுதான் முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

மறுநாள் எறும்பு ஏறியிருக்குமோ என்றார். டேப் கெட்டியாக இருக்கிறது என்றாள். அடுத்த நாள் வடிவையே ஃபோனுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். பிரிச்சுக்க தங்கம் என்று வடிவும் சொல்லிப் பார்த்தாள். கொடுத்தவர் சொன்னால் ஆகாது, யார் பெயர் எழுதியிருக்கிறதோ அவர் சொல்ல வேண்டும் என்றாள் நஜீஹா.

அதற்கடுத்த நாள் வீடியோ காலில் அவளுக்கு அடுக்கடுக்காகத் தும்மல் வந்தது. மூக்கு சிவந்திருந்தது. தூசி என்றாள். உதடு நீலம் பாரித்திருந்ததை வாப்பா பார்த்துவிட்டார். அவள் நோட்டை எடுத்து இன்னும் வேகமாக விசிறினாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். வாசலில் நின்ற வடிவைப் பார்த்தார். 

"விசிறினது போதும் புள்ள. அந்த டேப்பைக் கிழி. உள்ள ஸ்வெட்டரு, சாக்ஸு, குரங்குக் குல்லா எல்லாம் இருக்கு. உன் சைஸ்தான்."

"சரவணகுமாருக்கு என் சைஸா? அவர் சொல்லாம நான் எப்படி வாப்பா..."

"நான்தான் புள்ள சரவணகுமாரு," என்றார் செய்கு முகம்மது. "சொல்றேன், எடுத்துப் போட்டுக்க."