இருக்கிற இடம் தெரியாத பிள்ளை

“ஓடுடி” என்றாள் அவள்.

மகள் எழுந்து நின்றாள். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அம்மாவையே பார்த்தாள்.

ஒன்பது வயதாகிறது நேத்ராவுக்கு. வீட்டுக்குள் ஓடிப் பழக்கம் இல்லை.

காலையில்தான் டாக்டர் அந்தச் சின்னக் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். இந்த வயதில் இவ்வளவு பிரஷர் ஏனம்மா என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிள்ளை என்ன செய்வாள் என்று கேட்டார்.

செல்போன் பார்ப்பாள்.

எவ்வளவு நேரம்?

நான் வேலை முடிந்து வருகிற வரைக்கும்.

மாத்திரை எழுதவில்லை அவர். பிள்ளையை ஓட விடுங்கள், நன்றாக வேர்க்கட்டும், இப்படியே உட்கார வைத்தால் நாளைக்கு இதயத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்றார்.

எங்கே ஓட விடுவது?

வாசலில் இறங்கினால் லாரி போகிற ரோடு. மொட்டை மாடிக்குப் பூட்டு. கீழே ஓனரம்மாவின் புருஷன், பக்கவாதம் வந்து படுத்திருக்கிற மனுஷன். சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும் அவருக்கு.

பிள்ளை இருக்கிறதா என்று கேட்டு நாலைந்து பேர் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த மாடி இது. அன்றைக்குக் கையைக் கூப்பிச் சொன்னவள் அவள்தான். என் பொண்ணு இருக்கிற இடமே தெரியாதுங்க.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் செல்போன் வாங்கிக் கொடுத்தாள்.

மகளும் காப்பாற்றினாள், பாவம்.

அம்மாவுக்கு உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஜவுளிக்கடை வேலைக்குப் போய், இருட்டுகிற வரை நின்றுவிட்டு வந்த கால். ஆனாலும் குனிந்து பாய், போர்வை, பழைய புடவை என்று கையில் கிடைத்ததையெல்லாம் தரையில் பரப்பினாள்.

“இப்ப ஓடு கண்ணு. ஒண்ணும் கேக்காது.”

நேத்ரா ஓடினாள்.

முதலில் நுனிக்காலில். பிறகு பாதம் முழுவதையும் ஊன்றி. சுவரைத் தொட்டுத் திரும்பினாள். புடவை வழுக்கியது. சிரித்தாள். வாய்விட்டு.

படியில் செருப்புச் சத்தம்.

ஓனரம்மா கதவைத் திறந்துகொண்டே வந்தாள்.

“என்னம்மா கூத்து இது? கீழ அவரு நடுங்கிப் போயிக் கெடக்குறாரு. இருக்கிற எடமே தெரியாதுன்னு சொல்லித்தானே குடி வந்தே? மேல எரும மாடா கட்டி வெச்சிருக்கே? யாரு ஓடுனது?”

“நான்தாங்கக்கா” என்றாள் அவள். “எனக்கு சுகர் இருக்குதுன்னு ஓடச் சொல்லியிருக்காங்க.”

ஓனரம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

நேத்ரா பாயின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. செருப்புச் சத்தம் கேட்டதுமே உட்கார்ந்துவிட்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. ஓனரம்மா அதைக் கவனித்தாளோ என்னவோ.

“புள்ளையப் பாத்துக் கத்துக்கோ.”

சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அவள் கதவைச் சாத்தினாள். திரும்பினாள்.

மகளின் வாய் இறுக மூடியிருந்தது. முகம் சிவந்துகொண்டே போனது.

“போயிட்டாங்கடி. மூச்ச விடு.”

நேத்ரா விட்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாக. சத்தம் வராமல்.