அம்மாவின் அமர்நாத்

மலேசியாவின் சுங்கை பினாங் அடுக்குமாடியின் பத்து மாடிப் படிகளையும் ஏறி முடித்து, மூச்சு வாங்க வீட்டுக்குள் வந்தார் தவமணி. அறுபத்தாறு வயதில், இரண்டு மாதமாகத் தினமும் இதே பயிற்சிதான்.

"அமர்நாத் நம்ம ஃபிளாட் படி மாதிரி இல்லம்மா," என்றான் மகன் குகன். "பனி, செங்குத்தான பாதை. இந்த முட்டி வலியோட எப்படி ஏறுவீங்க?"

"ஏறிருவேன்லா. நீ பேரை மட்டும் பதிஞ்சு கொடு."

"தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குக் கூப்பிட்டாலே வரமாட்டீங்க. இப்ப என்ன திடீர் பக்தி? சாமி எல்லா இடத்திலயும்தான் இருக்காரு."

"சாமி இருக்காரு. உங்க அண்ணன் அங்கதான் இருக்கான்."

அண்ணன் தனேஷ் வீட்டைவிட்டுப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. அவன் பெயரைக்கூட வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

தவமணி கைப்பேசியை நீட்டினார். பக்கத்து வீட்டு ஷர்மினி போன வருடம் அமர்நாத் குகைக்குப் போகும் வழியில் எடுத்துக்கொண்ட படம். அவளுக்குப் பின்னால் காவி உடுத்திய சாமியார் ஒருவர், சடைமுடியும் தாடியுமாக நின்றிருந்தார். குகன் படத்தைப் பெரிதாக்கினான். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்த தழும்பு தெரிந்தது. சின்ன வயதில் சைக்கிளிலிருந்து தான் தள்ளிவிட்டதில் அண்ணனுக்கு வந்த தழும்பு அது.

குகன் மடிக்கணினியைத் திறந்து, இரண்டு பேருக்கும் பெயர் பதிய ஆரம்பித்தான்.

"கூட்டிட்டு வந்துரலாம்மா."

"வேணாம்ப்பா. வான்னு கூப்பிட மாட்டேன்," என்றார் தவமணி. "சாப்பிட்டியான்னு மட்டும் கேட்டுட்டு வந்துர்றேன்."