நீலக் கயிறு

எங்கள் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் ஜிஎஸ்டி ரோட்டில் இருக்கிறது. அங்கே படிப்பவர்களின் ஐடி கார்டுக்கு நீலக் கயிறு. மாமல்லபுரம் கடலோர வளாகத்தில் படிக்கும் எங்களுக்குப் பச்சை. பெரிய வளாகத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. நீலத்தைப் பார்த்தாலே வயிறு எரியும்.

வெள்ளிக்கிழமை, கலைவிழாவுக்காக என் வகுப்புத் தோழி சிநேகாவோடு முதல் முறையாக அங்கே போனேன். கேன்டீன் அக்கா என்னைப் பார்த்து, "இன்னாம்மா ஷாரோன், இப்பதானே டீ குட்ச்சிட்டுப் போன?" என்றார். என் பெயர் அவருக்கு எப்படித் தெரியும்?

லேப் வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். என் முகம், என் புருவத் தழும்பு, கழுத்தில் நீலக் கயிறு. எனக்குப் பயம் வரவில்லை. இவளுக்கு மட்டும் எப்படி இடம் கிடைத்தது என்று ஆத்திரம்தான் வந்தது.

அவளோ என் பச்சைக் கயிற்றையே பார்த்தாள். "கிளாஸ்ல குந்திகினே கடல பாக்கலாமாமே. குட்த்து வெச்சவடி நீ."

சாயங்காலம் எங்கள் பஸ்ஸில் ஏறப் போனேன். வாட்ச்மேன் தடுத்தார். "அது பச்சக் கயிறு பஸ்ஸும்மா. உன் பஸ்ஸு அங்க நிக்கிது."

குனிந்து பார்த்தேன். என் கழுத்தில் நீலக் கயிறு.

மாமல்லபுரம் பஸ் கிளம்பியது. ஜன்னலோரத்தில், என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். சிநேகா அவள் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷத்தில் சிநேகா என் தோளில் ஒருமுறைகூடச் சாய்ந்ததில்லை.