பின்னால் ஒரு சிறிய அறை

அன்று நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள்: லோரன்ஸ், அவர் மனைவி ஹெஸ்டர், ஒரே மகன் டெர்ஷியஸ், மருமகள் அனெலி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், ஹெஸ்டரின் தம்பி ஃபானி. டெர்ஷியஸின் கிழட்டு நாய் போலோவும் இருந்தது.

தென்னாப்பிரிக்காவின் கிரூன்ஸ்டாட் ஊரில் ஞாயிறு தேவாலய ஆராதனை முடிந்தால் லோரன்ஸ் வீட்டுப் பின்முற்றத்தில்தான் எல்லோருக்கும் சாப்பாடு. இறைச்சி சுடும் இடுக்கி அவர் கையில் இருக்கும். வீட்டுக்காரன் நிற்கும்போது இன்னொருவன் இடுக்கியைத் தொடுவது அவனைச் செத்தவனாக எண்ணுவதற்குச் சமம். இத்தனை வருடத்தில் ஃபானிகூடத் தொட்டதில்லை.

டெர்ஷியஸ் நியூசிலாந்துக்குப் போவதாக இருந்தான். குடியேற அல்ல, பார்த்துவிட்டு வர. அவனும் அனெலியும் இரண்டு வாரம் சுற்றி, பள்ளிக்கூடம் பார்த்து, வாடகைக்கு வீடு பார்த்து, வேலைக்கு நேரில் பேசிவிட்டுத் திரும்புவார்கள். பிடித்திருந்தால் கிறிஸ்துமஸுக்கு முன் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

பார்க்கப் போன யாரும் பிடிக்கவில்லை என்று சொல்லித் திரும்பியதை லோரன்ஸ் கண்டதில்லை.

ஃபானிக்கு வாய் சும்மா இருக்காது.

“அங்க மனுஷனைவிட செம்மறியாடுதான் அதிகமாம், அதைப் பாக்கவா அவ்வளவு தூரம் போற? எங்கிட்ட சொல்லியிருந்தா வண்டியில ஏத்திட்டுப் போயி ஒரே நாள்ல காட்டியிருப்பேனேடா.”

அவன் மட்டும் சிரித்தான்.

அனெலி மக்காச்சோளக் களியைப் பரிமாறியபடி ஹெஸ்டரிடம் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று படுக்கையறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று சின்னவளுக்கு, ஒன்று தாத்தாவின் பெயரைச் சுமக்கும் குட்டி லோரன்ஸுக்கு. பின்னால் தோட்டத்தை ஒட்டி இன்னொரு சிறிய அறை, தனிக் குளியலறையோடு. அதில் வெயில் விழுமா என்று நேரில் பார்த்தால்தான் தெரியுமாம். வயதானவர்களுக்குக் குளிர் ஆகாதே என்றாள்.

ஹெஸ்டர் தலை நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள்.

லோரன்ஸ் சாசேஜைத் திருப்ப மறந்து நின்றார். ஆக, கேட்கத்தான் போகிறார்கள்.

அதற்கு அவர் தயாராக இருந்தார். வாரம் முழுவதும் சவரம் செய்யும்போது தன் பதிலைக் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தார். கோபம் தெரியக் கூடாது. குரல் நடுங்கக் கூடாது.

டெர்ஷியஸ் பிள்ளைகளை ஊஞ்சல் பக்கம் விரட்டினான். தொண்டையைச் செருமினான்.

“அப்பா, நாங்க ரெண்டு பேரும் அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். மாட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

லோரன்ஸ் இடுக்கியை ஃபானியிடம் நீட்டினார். ஃபானி சட்டென்று வாங்கவில்லை. அத்தானின் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

லோரன்ஸ் விரல்களைத் துடைத்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“கேக்க வேண்டாம். நான் வரமாட்டேன். எங்கப்பா, அவரோட அப்பா, எல்லாரும் படுத்திருக்கிற மண்ணு இது. மகன் வீட்டுப் பின்னறையில உக்காந்து சோத்துக்குக் காத்திருக்கிறவன் நான் இல்ல. நீங்க போங்க. நல்லா இருங்க.”

குரல் நடுங்கவில்லை.

நெருப்பில் கொழுப்பு சொட்டிச் சீறியது. அனெலியின் கழுத்து சிவந்துபோயிற்று. டெர்ஷியஸ் காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இல்லப்பா,” என்றான். “போலோவைப் பத்திக் கேக்க வந்தேன். அவனுக்கு வயசாயிடுச்சு, அவ்வளவு தூரம் தாங்க மாட்டான். நாங்க பாத்துட்டு வர்ற வரைக்கும் இங்க இருக்கட்டுமா? அதுக்கப்புறமும்?”

பின்னறை அனெலியின் அம்மாவுக்கு. அவள் தனி ஆள். இந்த இரண்டு வாரமும் பிள்ளைகள் அவளிடம்தான், அங்கே போன பிறகும் அவளிடம்தான். இதை ஹெஸ்டர் பிற்பாடு பாத்திரம் கழுவும்போது மருமகளிடம் மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“நாய் இருக்கட்டும்,” என்றார் லோரன்ஸ்.

ஃபானியிடமிருந்து இடுக்கியைத் திரும்ப வாங்கினார். சாசேஜ் ஒரு பக்கம் கரிந்திருந்தது. கரிந்ததைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு நல்லதை மருமகளுக்கு வைத்தார்.

மறுப்பதெல்லாம் முதல் தடவைக்குத்தான். இரண்டாம் தடவை கேட்டால் சொல்ல வேண்டியதையும் அவர் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்திருந்தார். ‘ஹெஸ்டருக்காக வேண்டுமானால்’ என்று அது தொடங்கும்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் ஊற்றும் இடத்தில், போதகர் லோரன்ஸின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் அவ்வளவு கெஞ்சியும் முன்னோர் மண்ணை விட்டு வரமாட்டேன் என்று நின்றுவிட்டாராமே, இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்றார். சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

ஃபானி தன் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

ஹெஸ்டர் கணவரின் முழங்கையைத் தொட்டாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்த விரல்கள் சொல்லின.

லோரன்ஸ் நிமிர்ந்து நின்றார். அவர் குடும்பத்தின் பெயரில் இதுவரை ஒரு பொய்யும் ஊருக்குள் நடமாடியதில்லை.

“யாரும் கெஞ்சல போதகரே,” என்றார். “என்னைக் கூப்பிடவே இல்ல. நாயைப் பாத்துக்கச் சொன்னாங்க. சரின்னேன்.”