எதுக்கு இம்புட்டுக் கேள்வி?

"அண்ணே, அந்தக் கட்டிலை மட்டும் ஏத்தாதீங்கண்ணே. அதுல உக்காந்து பேசிருவோம். முடிஞ்சதும் நானே ஒரு கை பிடிச்சு ஏத்தி விடுறேன்."

டேப்லெட்டை மார்போடு அணைத்தபடி பாலகணேஷ் கெஞ்சினான். விளாங்குடியிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி, பேரையூரைத் தாண்டி இந்த ஊருக்கு வந்திருந்தான். வறட்சியைத் தாங்கும்படி ஊர்களை மாற்றப் போகிற ஒரு திட்டம். வேலை தொடங்கும் முன்பு ஒவ்வொரு குடும்பமும் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவது அவன் பொறுப்பு. கேட்கச் சொன்ன வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. "இன்னும் ஒரு வீடு குறைஞ்சாலும் நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்" என்று காலையில்தான் ஆபீஸில் ஸ்ரீலட்சுமி மேடம் சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரன் அருண்பாண்டி கட்டிலைப் பொத்தென்று கீழே வைத்தான். வாசலில் நின்ற குட்டியானை வண்டியில் பீரோ, பாத்திரம், மகளின் சைக்கிள் எல்லாம் ஏறியிருந்தன. திருப்பூர் பனியன் கம்பெனியில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை கிடைத்திருந்தது. இன்றைக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு.

"சட்டுனு கேளுங்க தம்பி."

"காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க உங்க குடும்பம் என்ன நடவடிக்கை எடுத்திருக்கு?"

அருண்பாண்டி குட்டியானையைக் காட்டினான். "இந்தா நிக்குதுல்ல, இதான் நடவடிக்கை. எழுதிக்கங்க."

டிரைவர் விருமாண்டி ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி சிரித்தான். "வண்டி வாடகையையும் சேத்து எழுதுங்க தம்பி. அதையாச்சும் உங்க ஆபீஸ் குடுக்கட்டும்."

அருண்பாண்டியின் மனைவி பாண்டிமீனா சிரிக்கவில்லை. கையில் இருந்த குடத்தை இறக்கிவிட்டு வந்து நின்றாள். "அவுக கெடக்காக. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்."

கண்மாயில் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும்? கிணறு எப்போது வற்றும்? மழை பொய்த்த வருஷம் எதை விற்றீர்கள்? எல்லாவற்றுக்கும் நிறுத்தி நிதானமாகப் பதில் சொன்னாள்.

"சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டது உண்டாக்கா? வீட்ல யாரு?"

பாண்டிமீனா ஓரக்கண்ணால் கணவனைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "போன கோடையில ராத்திரி சாப்பாடு. நான் மட்டுந்தான். அவுகளுக்குத் தெரியாது."

சாமான்களைச் சுற்றிக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்த அருண்பாண்டியின் கை நின்றது.

பாலகணேஷ் அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனான். "கண்மாயைத் தூர்வாரித் தண்ணி நின்னா எம்புட்டு நெலத்துல வெள்ளாமை போடுவீங்க?"

"தூர்வாரப் போறாகளா?"

"திட்டத்துல அதான்க்கா முக்கியமான வேலை. தூர்வாரி, மடையெல்லாம் புதுசாக் கட்டி... பயிற்சியில எங்களுக்குப் படம் போட்டே காட்டினாங்க."

பாண்டிமீனா சட்டென்று திரும்பினாள். "ஏங்க, கேட்டீகளா? ஏத்துனதையெல்லாம் இறக்குங்க."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? இதே மாதிரி எத்தன பேரு வந்து போட்டோ எடுத்துட்டுப் போயிருக்கான்!"

"அவனுக போட்டோ எடுத்தானுக, போனானுக. இந்தத் தம்பி நான் பட்டினி கெடந்தது வரைக்கும் கேக்குது. நீங்ககூட அதைக் கேட்டதில்ல. ஒண்ணும் செய்யாதவுகளுக்கு எதுக்கு இம்புட்டுக் கேள்வி?"

அருண்பாண்டி கயிற்றை விட்டுவிட்டுப் பாலகணேஷ் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு தம்பி. எங்க இடத்துல நீ இருந்தா போவியா, இருப்பியா?"

பாலகணேஷுக்கு வேலை போய்விடுமே என்ற பயம் ஒருபுறம் இருந்தாலும், அவன் சொன்னது மனதில் இருந்ததைத்தான்.

"நானும் திருப்பூர்ல கெடந்தவன்தாண்ணே. ஒரே ரூம்ல ஆறு பேரு. ஒருத்தன் ஒருக்களிச்சா எல்லாரும் ஒருக்களிக்கணும். எங்கம்மா போன் பண்ணா, பிரியாணி தின்னேன்னு சொல்லுவேன். வச்சதும் பாத்ரூம்ல போயி அழுவேன். தண்ணி வரப் போற ஊரை விட்டுட்டு அங்க போகாதீங்கண்ணே. பாப்பா பாவம்."

"மாப்ள, ஏத்துறியா இறக்குறியா? எனக்கு அடுத்த லோடு நிக்குது" என்று விருமாண்டி ஹாரன் அடித்தான்.

அருண்பாண்டி மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு செல்போனை எடுத்தான்.

"அண்ணே, நாங்க வரல. எங்க ரெண்டு பேரு இடத்தையும் வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

சைக்கிள்தான் முதலில் இறங்கியது. பீரோவுக்குப் பாலகணேஷும் தோள் கொடுத்தான். காலி வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும், பாண்டிமீனா அவனுக்குக் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தாள். "வேலை ஆரம்பிக்கிற அன்னிக்கு நீங்க கட்டாயம் வரணும் தம்பி. கோழி அடிச்சு வைக்கிறேன்."

தெருமுனைக்கு வந்ததும் ஸ்ரீலட்சுமி மேடத்துக்குப் போன் போட்டான்.

"மேடம், ஒரு குடும்பம் ஊரைவிட்டே கெளம்பிட்டு இருந்தாங்க. பேசி நிறுத்திட்டேன். இனிமே இங்கயேதான் இருப்பாங்க."

"வெரி குட் பாலகணேஷ்! மூணு வருஷம் கழிச்சு மறுபடி சர்வே எடுக்குறப்ப இதே குடும்பம் அங்க இருந்தாத்தான் நமக்கு உபயோகம். நீங்க கவலையே படாதீங்க, உங்க வேலைக்கு நான் கேரண்டி."

அவனுக்கு உயிர் வந்தது. "தேங்க்ஸ் மேடம். கண்மாய் வேலை எப்ப ஆரம்பிக்கும்னு கேக்குறாங்க."

"அங்கயா? தூர்வாருறது, மடை கட்டுறது எல்லாமே ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர்லப்பா. ஒண்ணுமே செய்யாம விட்டா ஒரு ஊரு எவ்வளவு மோசமாகுதுன்னு ஒப்பிட்டுப் பாக்க வேணும்ல? அதுக்குத்தான் இந்த ஊரு."